வென்ற வண்டியை யாரும் கேட்காமலே அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலையில் பைக் பந்தயம் விட்டுப் பிடிபடும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. அவர்களைத் தண்டிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு இருக்கிறது. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறை பிடிபட்டாலே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அந்தப் பையன்களைப் பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்தும் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலிருந்தும் விலக்கித் தடுப்பு போட்ட ஓடுதளத்துக்கு அழைத்து வரச் சிறிய அளவிலான டிராக் பந்தயங்கள் உதவுகின்றன. சேலத்தில் 25 ஆண்டுகளாக ரீபோர் பட்டறை (தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து சற்றே அகலப்படுத்தும் பட்டறை) நடத்தி வருபவன் என்ற முறையில், அத்தகைய பந்தயங்களில் வண்டியைச் சோதிக்கும் விதத்தையும், முறையீட்டைத் தீர்க்கும் விதத்தையும் பற்றி எழுதுகிறேன்.

டிராக் (drag) பந்தயம் என்பது கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்கோட்டு ஓட்டம். விளக்கு பச்சையானதும் இரண்டு வண்டிகள் அருகருகே புறப்படும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டும் வண்டிக்கு ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு என்பது வெறும் 33 சென்டிமீட்டர். இவ்வளவு நெருக்கத்தில் வெற்றி தோல்வி முடிவாகும்போது, தோற்றவனுக்கு எதிராளியின் இன்ஜின் மீது சந்தேகம் வருவதில் வியப்பில்லை.

ஸ்க்ரூட்டினி எனப்படும் சோதனை இரண்டு வகை. ஓட்டத்துக்கு முன் நடப்பது பாதுகாப்புக்கானது. ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் சரியா, கைவிட்டதும் ஆக்ஸிலரேட்டர் தானாகத் திரும்புகிறதா, ஆயில் டிரெயின் போல்ட் கழன்றுவிடாமல் லாக் ஒயர் கட்டியிருக்கிறதா, ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் பார்த்த வரையில் இதை அக்கறையாகவே செய்கிறார்கள். குறை முழுவதும் ஓட்டத்துக்குப் பின், வண்டி அந்தப் பிரிவுக்கு உரியதுதானா என்று பார்க்கும் இரண்டாவது சோதனையில் இருக்கிறது. யாராவது பணம் கட்டி முறையிட்டால் ஒழிய அது நடப்பதே இல்லை.

என் தங்கை மகன் ஒரு பந்தயத்தில் 100 சி.சி. பிரிவின் இறுதி ஓட்டத்தில் தோற்றான். வென்றவன் ஏற்காட்டுப் பையன். இருவரும் ஒரே மெக்கானிக்கிடம் வேலை பழகியவர்கள். இருவருடையதும் பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100. சுற்றி நின்றவர்கள் ஏற்றிவிட, என் மருமகன் முறையிட்டான். கட்டணமாக முதலில் ஒரு தொகையைச் சொன்னவர்கள், எதிர்த்தரப்பு சத்தம் போட்டதும் வேறொரு தொகையைக் கேட்டார்கள். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. ஓடி வந்த சூட்டோடு ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மூடியைக் கழற்றி, சிலிண்டரின் வாயில் மட்டும் வெர்னியர் அளவுகோலை வைத்து, எண்ணை யாருக்கும் காட்டாமல் 'சரியாத்தான் இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் பேக்கிங் கிழிந்துவிட்டது. கோப்பையை வாங்கிய பையன், கழற்றிய ஹெட்டை பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, வண்டியைக் குட்டியானையில் ஏற்றி ஊருக்குக் கொண்டு போனான். என் மருமகனோ நடுவர்கள் ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டதாக இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நான்கு நாள் கழித்து அந்த ஏற்காட்டுப் பையன் சிலிண்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். நான் யாருடைய மாமன் என்று தெரிந்தேதான் வந்தான். 'அண்ணா, நீங்களே அளந்து ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க' என்றான். சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்து அளந்தேன். 50.50 மில்லிமீட்டர். அந்த இன்ஜினின் கம்பெனி அளவு விட்டம் 50, ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம்) 50. கணக்குப் போட்டால் 98.2 சி.சி. தேய்ந்த சிலிண்டரை ரீபோர் செய்யும்போது கால் மில்லிமீட்டர் கூட்டி அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனைப் போடுவது எல்லாப் பட்டறையிலும் நடக்கும் அன்றாட வேலை. முதல் ரீபோரில் 99.2 சி.சி. ஆகும். இரண்டாவதில் 100.15 ஆகிவிடும். அந்தப் பையன் ஏமாற்றவில்லை. முப்பது வயதைத் தாண்டிய வண்டியை ஓடும் நிலையில் வைத்திருந்தான், அவ்வளவுதான். ஆனால் விதித்தாளில் இருந்தது '100 சி.சி. வரை' என்ற ஒரே வரி. அந்த வரியின்படி பார்த்தால் அவன் வண்டி செல்லாது; நியாயப்படி பார்த்தால் செல்லும். என் மருமகன் கேட்டது தவறான கேள்வியும் அல்ல, நடுவர்கள் சொன்னது சரியான பதிலும் அல்ல. ரீபோருக்கு எத்தனை ஓவர்சைஸ் வரை அனுமதி என்று முன்கூட்டியே எழுதியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது.

உண்மையான ஏமாற்று வேறு மாதிரி இருக்கும். ஆர்.எக்ஸ். 135இன் 58 மில்லிமீட்டர் சிலிண்டரை இந்த வண்டியில் ஏற்றிவிட்டால் அது 132 சி.சி. ஆகிவிடும், பெயிண்டும் ஸ்டிக்கரும் பழையபடியே இருக்கும். ஹெட்டைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடக்கூடிய இந்த வேலையைத் திறந்து பார்க்கும் பொறுப்பு, தோற்ற பையனின் சட்டைப்பைக்கு ஏன் போக வேண்டும் என்பதே என் கேள்வி. அவன் பணம் கட்டி, நேற்று வரை கூடப் பழகியவன் மீது குற்றம் சாட்டி, விரோதத்தைச் சம்பாதித்த பிறகுதான் உண்மை வெளிவரும் என்றால், பெரும்பாலானோர் வாயை மூடிக்கொண்டு மறுபடியும் பைபாஸ் சாலைக்கே போய்விடுவார்கள். ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் முதலிரண்டு இடம் பெற்ற வண்டிகளை, யாரும் கேட்டாலும் கேட்காவிட்டாலும், இன்ஜின் ஆறிய பிறகு, இரு தரப்பும் பக்கத்தில் நிற்க, அளந்து, எண்ணைப் பலகையில் எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். ஆறிய பிறகு என்று வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. சிலிண்டருக்குள் இருக்கும் 50 மில்லிமீட்டர் இரும்பு லைனர் (உள்ளுறை) 100 டிகிரி கூடுதல் சூட்டில் அரை மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விரிந்து காட்டும். ஒரு ஓவர்சைஸ் கால் மில்லிமீட்டர்தான் என்னும்போது அது சிறிய பிழை அல்ல.

இதற்கு மேலும் முறையீடு வந்தால், அனைத்துலக மோட்டார் பந்தய விதிநூல் வழி காட்டுகிறது. முறையீடு எழுத்தில் இருக்க வேண்டும். எந்த விதி, யார் மீது என்று குறிப்பிட வேண்டும். முடிவுகள் வெளியான 30 நிமிடத்துக்குள் தர வேண்டும். புறப்பாட்டையும் எல்லைக்கோட்டையும் பார்க்கும் நடுவரின் தீர்ப்பை எதிர்த்து முறையிட முடியாது. இவற்றோடு, கட்டணத்தை நுழைவுப் படிவத்திலேயே அச்சிட்டு, குற்றச்சாட்டு பொய்த்தால் அந்தப் பணம் பேக்கிங் கிழிந்தவனுக்குப் போய்ச் சேரும்படி செய்தால், வீம்புக்கு முறையிடுவதும் குறையும்.

அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய என்.எச்.ஆர்.ஏ. என்ற டிராக் பந்தய அமைப்பு, 1954இல் ஒரு காரும் டிரெய்லருமாகச் சிலரை ஊர் ஊராக அனுப்பி, உள்ளூர்க் கழகங்களுக்குப் பந்தயம் நடத்தவும் வண்டியைச் சோதிக்கவும் கற்றுக்கொடுத்தது. நம் நாட்டில் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற மோட்டார் பந்தயக் கழகங்களின் கூட்டமைப்பு இருக்கிறது, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் அனுபவம் பெற்ற சோதனையாளர்கள் இருக்கிறார்கள். சேலத்துப் பையன் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடந்து அவர்களிடம் போவதைவிட, அவர்களில் இருவர் ஆண்டுக்கு ஒரு முறை மேற்கு மாவட்டங்களுக்கு வந்து, பந்தயம் நடத்துவோருக்கு இரண்டு நாள் பயிற்சி தருவது எளிது.

அப்படி வந்தால் என்னிடம் உள்ள போர் கேஜையும் அதைச் சரிபார்க்கும் ரிங்கையும் தருகிறேன். எந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடந்தாலும் கூலி வாங்காமல் வந்து அளந்து தரவும் தயாராக இருக்கிறேன்; என் மருமகன் ஓடும் பிரிவில் மட்டும் வேறொருவர் அளக்கட்டும்.

இப்படிக்கு,
ரீபோர் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
சூரமங்கலம், சேலம்.