‘தற்போது கிடைக்கவில்லை’: ஓர் இணையப் புத்தகக் கடையின் பட்டியல் பிரிவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பட்டியல் பிரிவினருக்கு,

வணக்கம். கடந்த வெள்ளிக்கிழமை வெளியான நாவலின் பக்கத்தில், திங்கள் மாலை வரை ‘தற்போது கிடைக்கவில்லை’ என்ற வாசகம் நின்றதை நீங்கள் அறிவீர்கள். புகார் எண்ணும் உங்களிடமே இருக்கிறது. 6 வாரம் முன்பதிவு நடந்த நூல் அது. பிரதிகள் 4 நாள் முன்பே உங்கள் கிடங்கில் இறங்கி, எண்ணிப் பார்த்து, ரசீதும் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். கிடங்குக்குத் தெரிந்த சேதி பக்கத்துக்குப் போய்ச் சேர, வெளியீட்டு நாள் தொடங்கி மேலும் 4 நாள் ஆனது.

சிறு பதிப்பகங்களில் வேலை பார்க்கும் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பதிப்பாளர் நூல் விவரங்களை அனுப்பும் ஒவ்வொரு தரவுக் கோப்புக்கும் 24 மணி நேரத்துக்குள் ஒரு பதில் கோப்பு அனுப்புங்கள். எந்தப் பதிவு ஏறியது, எது ஏறவில்லை, ஏன் ஏறவில்லை, நாங்கள் அனுப்பியதில் எதை நீங்கள் மாற்றினீர்கள் என்ற நான்கு விவரம் அதில் இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பதை உங்கள் ஊழியர் ஒருவர் நல்ல மனதோடு கோப்பைத் தேடிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டோம். நூல் விவரங்களைப் பதிப்பாளரும் கடையும் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவமான ஒனிக்ஸில் ஒரு நூலை ‘வரவிருக்கிறது’ நிலையிலிருந்து ‘வந்துவிட்டது’ நிலைக்குக் கொண்டுவர மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும். அறிவிப்பு வகை 02இலிருந்து 03 ஆக வேண்டும். வெளியீட்டு நிலை 02இலிருந்து 04 ஆக வேண்டும். கிடைக்கும் நிலை 10இலிருந்து 21 ஆக வேண்டும். மூன்றும் சரியாகவே மாற்றப்பட்டு, புதன்கிழமையே கோப்பு வந்து சேர்ந்தது. ஆனால் அதே கோப்பில் இருந்த 140 பதிவுகளில், எப்போதோ வெளியான ஒரு பழைய நூலுக்கு விலை வகைக் குறியீடு விடுபட்டிருந்தது. அது எங்கள் பிழை, ஒப்புக்கொள்கிறோம். அந்த ஒரு பதிவுக்காக உங்கள் அமைப்பு மீதி 139 பதிவுகளையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. தள்ளியதை யாருக்கும் சொல்லவில்லை. கோப்பைப் பதிவேற்றிய இடத்தில் ‘வெற்றி’ என்று பச்சை எழுத்தில் வந்தது. கோப்பு வந்து சேர்ந்தது என்பதற்குத்தான் அந்தப் பச்சை, படித்துப் பார்த்ததற்கு இல்லை என்பது எங்கும் எழுதப்படவில்லை.

புதன் மாலையே ‘பதிவு 87, விலை வகை இல்லை’ என்று ஒரு வரி வந்திருந்தால், திருத்தி அனுப்ப 10 நிமிடம் போதும்.

அந்த 4 நாளில் போனது 4 நாள் விற்பனை மட்டும்தான் என்று உங்கள் பிரிவில் யாரேனும் நினைக்கலாம். அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியீட்டு நாள் காலையில் செய்திமடல் போகிறது, ஆசிரியர் தன் பக்கத்தில் இணைப்பைப் பகிர்கிறார், விளம்பரம் ஓடத் தொடங்குகிறது. நாங்கள் வெளியே ஓட்டும் விளம்பரங்களில் கிளிக்குக்குத்தான் காசு. வாசகர் சொடுக்கி உங்கள் பக்கத்துக்கு வந்து, வாங்கும் பொத்தான் இல்லாததைப் பார்த்துத் திரும்பினாலும் அந்தக் கிளிக்குக்குக் கட்டணம் உண்டு. இது முதல் நட்டம். வந்தவர்கள் வந்த வேகத்தில் திரும்புவதால், பயன் தராத விளம்பரம் என்று விளம்பரத் தளம் மதிப்பிட வாய்ப்புண்டு. விளம்பர இடத்துக்கான ஏலத்தில் ஏலத்தொகையோடு, விளம்பரம் எந்த அளவுக்குப் பயன் தரும் என்ற மதிப்பீடும் சேர்ந்தே எடைபோடப்படுவதால், அடுத்த வாரம் அதே இடத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டிவரலாம். பொத்தான் திங்கட்கிழமை திரும்பி வந்தாலும் இந்த இரண்டாவது நட்டம் திரும்பி வருவதில்லை. உங்கள் தளத்துக்குள்ளேயே ஓடும் விளம்பரமோ, நூல் கிடைக்கவில்லை என்றதும் தானாக நின்றுவிடுகிறது. நின்றது என்று சேதி வராததால், ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்பியே இரண்டு நாள் கழிகிறது.

மூன்றாவதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. உங்கள் பொத்தான் இல்லாத இடத்தில் வேறொரு விற்பனையாளரின் பொத்தான் வந்து உட்கார்ந்தது. விலை அட்டையில் அச்சிட்டதைப் போல மூன்று மடங்கு. வெளியாகி ஒரு நாள்கூட ஆகாத நூலுக்கு ‘பழைய பிரதி, நல்ல நிலை’ என்று குறிப்பு. கையில் பிரதியே இல்லாமல், ஆர்டர் வந்த பிறகு எங்காவது வாங்கி அனுப்பிக்கொள்ளலாம் என்று பட்டியலிடும் வியாபாரம் இது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். விலையைப் பார்த்த வாசகர் திட்டியது பதிப்பகத்தை.

தமிழ் நூல் என்றால் இதற்கு மேலும் ஒரு அடுக்கு உண்டு. உங்கள் படிவத்தில் தலைப்புக்கும் துணைத்தலைப்புக்கும் நீள எல்லை வைத்திருக்கிறீர்கள். எல்லை தேவைதான். ஆனால் அந்த எல்லையை எழுத்தில் எண்ணாமல் பைட்டில், அதாவது கணினி சேமிக்கும் அளவில், எண்ணுகிறீர்கள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், உயிர்மெய்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ‘தேர்ந்தெடுத்த சிறுகதைகள்’ என்பது கண்ணுக்கு 13 எழுத்து. உங்கள் தரவுத்தளத்துக்கு அது 70 பைட். எல்லை அதில் 3 பைட் குறைந்தால் கடைசிப் புள்ளி உதிர்ந்து ‘சிறுகதைகள’ என்று நிற்கும். 1 பைட் குறைந்தாலோ குறியீட்டின் நடுவில் வெட்டு விழுந்து, கருப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி முளைக்கும். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? தலைப்பையே பிழையில்லாமல் போடத் தெரியாத பதிப்பகம் உள்ளே எத்தனை பிழை விட்டிருக்குமோ என்றுதான். வெட்டுவதாக இருந்தால் முழு எழுத்தின் எல்லையில் வெட்டுங்கள். வெட்டியதைப் பதில் கோப்பில் சொல்லுங்கள், நாங்களே சுருக்கித் தருகிறோம்.

தேடலும் இதே கதைதான். ‘கொ’ என்பதில் வரும் கொம்பையும் காலையும் ஒற்றைக் குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடுபொறிக்கு இரண்டும் வேறு வேறு. எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு வகுக்கும் யுனிகோடு, இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர இதற்கென்றே இயல்பாக்க முறையை வகுத்து வைத்திருக்கிறது. தரவு உள்ளே வரும்போதும் வாசகர் தேடும்போதும் அதை ஓட்டினால் இந்தச் சிக்கல் அன்றே தீரும். ‘ஔ’வுக்குப் பதிலாக ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்துத் தட்டுவோரின் பிழையும், ‘ஸ்ரீ’யை ஸகரத்தில் ஒருவரும் ஶகரத்தில் ஒருவரும் எழுதும் வேறுபாடும் இயல்பாக்கத்தில் சரியாகாது. அதற்கு ஒரு சிறிய இணைச்சொல் பட்டியல் வேண்டும். பட்டியலை நாங்களே தயாரித்துத் தருகிறோம், கூலி வேண்டாம்.

பதிப்புகளை ஒன்றோடொன்று ஒட்டும் விஷயத்துக்கு வருவோம். மாற்றமில்லாத மறு அச்சுக்கு அதே ஐ.எஸ்.பி.என். (நூலின் அடையாள எண்), திருத்திய பதிப்புக்குப் புதிய எண், காகித அட்டைக்கும் கெட்டி அட்டைக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண். இது உங்களுக்குப் பாடமாகத் தெரிந்திருக்கும். ஒனிக்ஸில் ‘இது அதற்கு மாற்றாக வந்தது’ என்பதற்கு 03, ‘அதே நூலின் வேறு வடிவம்’ என்பதற்கு 06 என்று உறவுக் குறியீடுகள் இருக்கின்றன, அவற்றை நிரப்பித்தான் அனுப்புகிறோம். உங்கள் அமைப்பு அவற்றை ஒதுக்கிவிட்டு, தலைப்பும் ஆசிரியர் பெயரும் ஒத்துப்போனால் போதும் என்று ஒட்டிவிடுகிறது. விளைவு, ஒரே மூலத்துக்கு வந்த இரண்டு வேறு மொழிபெயர்ப்புகள் ஒரே பக்கத்தில். பழைய மொழிபெயர்ப்பின் பிழைகளைத் திட்டி எழுதிய ஒற்றை நட்சத்திர மதிப்புரை, அந்தப் பிழைகளுக்காகவே செய்யப்பட்ட புதிய மொழிபெயர்ப்பின் தலையில் விழுகிறது. புது மொழிபெயர்ப்பாளருக்கு பி06 என்ற பங்களிப்புக் குறியீட்டோடு பெயர் போயிருந்தும், பக்கத்தில் அவர் பெயரே இல்லை. பிரிக்கச் சொல்லி எழுதினால் ‘ஆதாரமாக இரண்டு அட்டைப்படங்களை அனுப்பவும்’ என்று பதில் வருகிறது. அந்த இரண்டு அட்டைப்படங்களும் உங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, ஒன்றன்மேல் ஒன்றாக.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒனிக்ஸ் 3.0 வந்தது 2009இல். பழைய 2.1 வடிவத்துக்கான ஆதரவு 2014 இறுதியோடு குறைக்கப்பட்டுவிட்டது. உங்கள் பதிப்பாளர் வழிகாட்டியின் முதல் பக்கம் இன்றும் 2.1 கேட்கிறது, ஐந்தாம் பக்கம் 3.0 கேட்கிறது, உதவி மையத்தில் கேட்டால் ‘எக்செல் போதும்’ என்கிறார்கள். மூன்றையும் அனுப்பிப் பார்த்துவிட்டோம். மூன்றுக்கும் அதே பச்சை எழுத்து. பாகுபாடு பார்ப்பதில்லை என்ற வகையில் பாராட்டத்தான் வேண்டும். செய்திமடலிலிருந்து வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்டால் அது வாடிக்கையாளர் அந்தரங்கமாம். பெயர் கேட்கவில்லையே, எண்ணிக்கைதானே கேட்டோம்? இணைப்பில், வாசகர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் யுடிஎம் குறிச்சொல் போட்டு உங்கள் வாசல் வரை எண்ண முடிகிறது. வாசலுக்கு உள்ளே இருட்டு.

சரி, கோபத்தில் வழி விலகிவிட்டோம். குற்றம் முழுவதும் உங்கள் பக்கம் என்று சொல்ல வரவில்லை. 13 இலக்க ஐ.எஸ்.பி.என்.ஐ எக்செல் 9.78 என்று தொடங்கும் அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டுவதைக் கவனிக்காமல், அப்படியே சிஎஸ்வி என்ற எளிய உரைக்கோப்பாகச் சேமித்து, பாதி இலக்கங்களைத் தொலைத்து அனுப்பும் பதிப்பகங்கள் இன்றும் உண்டு. அந்த நெடுவரிசையை முதலிலேயே ‘உரை’ என்று மாற்றிவிட்டு எண்ணை ஒட்டினால் முடிகிற வேலை. பின்னட்டைக் குறிப்பை யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து மாற்றாமல் ஒட்டி, பக்கம் முழுக்கப் புரியாத குறிகளாக வரச்செய்கிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள். மாதிரிப் பக்கங்களும் அப்படித்தான். மின்னூலின் தொடக்கத்திலிருந்து ஒரு பங்கைத்தான் நீங்கள் இலவசமாகக் காட்டுகிறீர்கள். பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை என்று நாங்கள் அடுக்கி வைத்திருப்பதில், கதையின் முதல் வரி வருவதற்குள் மாதிரி தீர்ந்துவிடுகிறது. அணிந்துரையைப் பின்னால் கொண்டுபோனால் எழுதியவர் கோபித்துக்கொள்வார் என்பது உங்கள் பிரச்சினை இல்லை, அதை நாங்கள் பேசித் தீர்த்துக்கொள்கிறோம்.

ஆனால் இந்தப் பிழைகளில் பெரும்பாலானவற்றைக் கோப்பு வந்த நிமிடமே உங்கள் இயந்திரம் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடிப்பதால்தானே தள்ளுகிறது? கண்டுபிடித்ததை எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஒனிக்ஸைப் பராமரிக்கும் எடிட்யூர் அமைப்பே இதற்கென்று, கோப்பு என்னவானது என்று பதில் சொல்லும் ஓர் ஏற்பறிக்கை வடிவத்தை வகுத்து வெளியிட்டிருக்கிறது. புதிதாக எதையும் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாதங்கள் ஆகும் என்றால், அதுவரை கோப்பின் பெயர், பதிவு எண், பிழை என்று மூன்று நெடுவரிசையில் ஒரு மின்னஞ்சல் வந்தாலும் எங்களுக்குப் போதும். ஒரு பதிவு பழுதானால் அந்த ஒன்றை மட்டும் நிறுத்தி, மற்றவற்றை ஏற்றுங்கள். வெளியீட்டு நாளுக்கு 48 மணி நேரத்துக்கு முன்பும் ஒரு நூலின் கிடைக்கும் நிலை 10ஆகவே இருந்தால், எங்களுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்புங்கள். தயவுசெய்து.

சம்பந்தப்பட்ட கோப்பையும், திருத்திய கோப்பையும், நான்கு நாளும் எடுத்த பக்கத்தின் படங்களையும் புகார் எண்ணோடு சேர்த்து மறுபடி அனுப்பியிருக்கிறோம். அடுத்த நூல் வரும் 21ஆம் தேதி வெளியாகிறது. அதற்கான கோப்பு நேற்று காலை 10 மணிக்குப் பதிவேற்றப்பட்டது, பச்சை எழுத்தும் வந்துவிட்டது. அது ஏறியதா என்று மட்டும் சொல்லுங்கள். சொல்லும் வரை விளம்பரத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
சிறு பதிப்பகங்களில் நூல் விவரப் பட்டியலும் இணைய விற்பனையும் பார்ப்போர் சிலர்