உழைப்பும் உடம்பும்: கலைக் கண்காட்சி குறித்துப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதம் முதல் வெள்ளி, சனி இரு நாளும் பள்ளிக் கலையறையில் 9ஆம் வகுப்பு மாணவர்களின் கண்காட்சி நடைபெறும். உடலுழைப்பு, அது உடம்பில் ஏற்றும் வலி, உடம்பு பிறகு தேறும் விதம் ஆகியவையே பொருள். அழைப்பிதழ் தனியாக வரும். அதற்கு முன் உங்கள் ஒப்புதலும் சில பொருட்களும் தேவைப்படுவதால் இக்கடிதம்.

உழைப்பவரை வரையச் சொன்னால் பிள்ளைகள் ஒன்று மாவீரராக்கிவிடுகிறார்கள், அல்லது பரிதாபத்துக்குரியவராக்கிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம், எடை எங்கே இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள் என்பதே கலை ஆசிரியர்கள் கொடுத்த பாடம். ஒரு கையில் நிறைவாளி தூக்குபவரின் உடல் எதிர்ப்பக்கம் சாயும். மறு கை விலகி நிற்கும். தலைச்சுமை தூக்குபவருக்கோ தலையும் இடுப்பும் பாதமும் ஏறக்குறைய ஒரே தூக்குநூலில் வரும். உடம்பை நேராக நிறுத்தி வரைந்துவிட்டால் வாளி அந்தரத்தில் மிதக்கும். முதலில் வந்த படங்களில் அதிகம் தென்பட்ட பிழை இதுதான். காரணம் எளியது: மாதிரியாக நின்ற மாணவர் தூக்கியது காலிப் பெட்டி. இப்போது பெட்டியில் 3 கிலோ மணல் இருக்கிறது. 2 நிமிடத்துக்கு மேல் யாரும் தூக்கி நிற்பதில்லை. முதுகுவலியோ அண்மைக் காயமோ உள்ள பிள்ளைகள் நிற்பதே இல்லை.

குனிந்து தூக்கும் படங்களின் அருகே ஒரு நெம்புகோல் வரைபடமும் மாட்டப்படும். 10 கிலோ பெட்டியை முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதுகுத் தசைகள் முதுகெலும்பை ஒட்டி, சுமார் 5 செ.மீ. தொலைவிலிருந்து இழுக்கின்றன. ஆகவே அவை 100 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தர வேண்டும். பெட்டியை 20 செ.மீ.க்கு நெருக்கினால் அது 40 ஆகக் குறையும். குனியும்போது மேலுடம்பின் எடையும் சேரும். அது இக்கணக்கில் இல்லை. சுமையை மார்போடு அணைத்துத் தூக்கு என்று பெரியவர்கள் சொல்வதன் கணக்கு இதுதான்.

முன்னோடிப் படைப்புகள் மூன்றை வகுப்பில் பார்த்தோம். சென்னை மெரினாவில் உள்ள தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையில் நால்வர் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். அதில் முகபாவத்தைவிடத் தசைகளே பேசுகின்றன. பிரெஞ்சு ஓவியர் கூர்பே 1849இல் வரைந்த கல்லுடைப்போர் ஓவியத்தில் இருவர் முகமும் நமக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. அந்த மூலப்படம் இரண்டாம் உலகப்போரில் அழிந்துவிட்டது. மரத்தரை இழைப்பவர்களை இன்னொரு பிரெஞ்சு ஓவியரான கைபோட் 1875இல் வரைந்தார். முழங்காலிட்டு, வெற்றுமுதுகோடு வேலை செய்யும் அந்த மூவரின் படத்தைப் பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சி ஏற்க மறுத்தது. பிள்ளைகள் அதிக நேரம் நின்றது இந்தப் படத்தின் முன்தான்.

கையை அச்செடுத்துப் பிளாஸ்டரில் வார்க்கும் கைவார்ப்புகளும் கண்காட்சியில் இருக்கும். அவற்றுக்குத்தான் உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் தேவை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சூடாகும். திரளாக இருந்தால் 60 பாகை செல்சியஸ் வரை போகும், கை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இங்கிலாந்தில் 2007இல் பள்ளிக் கலை வகுப்பில் பிளாஸ்டருக்குள் நேரடியாகக் கை வைத்த மாணவி ஒருவர் பெரும்பாலான விரல்களை இழந்தார். எனவே எந்தக் கையும் பிளாஸ்டரில் இறங்காது. வீட்டிலும் தயவுசெய்து இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

பள்ளியில் கையை அச்செடுக்கப் பயன்படுத்துவது ஆல்ஜினேட். கடற்பாசியிலிருந்து எடுக்கும் இப்பொடியைப் பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்துவார்கள். பொட்டலத்தில் குறித்த அளவுக்குக் குளிர்ந்த நீரில் கலக்க வேண்டும். நீர் வெதுவெதுப்பானால் கை வைப்பதற்குள் இறுகிவிடும். விரல்களை மெல்ல அசைத்தபடி கையை இறக்கினால் காற்றுக்குமிழ் வெளியேறும். பிறகு சில நிமிடம் அசையக் கூடாது. எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல், விரல்களைச் சிறிது சிறிதாக நெளித்து உள்ளே காற்றுப் போகவிட வேண்டும். ஆல்ஜினேட் உலர உலரச் சுருங்கும் என்பதால் ஒரு மணி நேரத்துக்குள், கை இருந்த குழியில் பிளாஸ்டர் ஊற்றிவிடுவோம். பிளாஸ்டருக்கு நீர் ஒரு பங்கு, பொடி இரண்டு பங்கு. நீரில் பொடியைத் தூவ வேண்டும், மாற்றிச் செய்தால் கட்டி விழும். ஊற்றியபின் அச்சுள்ள வாளியைத் தட்டாவிட்டால் விரல்நுனி வெற்றிடமாக நின்றுவிடும். கைரேகை வரை பதிவதால் உள்ளங்கைக் காய்ப்பும் அப்படியே வரும். மிச்சப் பிளாஸ்டரைக் கழுவுதொட்டியில் ஊற்றுவதில்லை, குழாய்க்குள் கல்லாகிவிடும்.

பெற்றோர், தாத்தா, பாட்டி எவர் கையையும் வார்க்க விரும்பினால் வரலாம். விவரச் சீட்டில் பெயர் இருக்காது. வேலை, அதைச் செய்த ஆண்டுகள் மட்டும். நோய் விவரம் எதையும் எழுத மாட்டோம். வேண்டாம் என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை.

தேறுதல் பகுதி சிறியது. சாக்குத்துணிச் சட்டங்களை மாணவர்கள் கிழித்து, மீண்டும் தைத்திருக்கிறார்கள். ஆழமாக வெட்டுப்பட்ட தோல் மூன்றாம் வாரத்தில் பழைய வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் பெறுகிறது. மாதங்கள் போனாலும் தழும்பு சுமார் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அதனால் ஒரு சட்டத்தில் 20 நூல், கடைசிச் சட்டத்தில் 80 நூல். வலி நிற்பது முன்பே, வலு வருவது பின்னால்; இடைப்பட்ட நாட்களில்தான் பலர் வேலைக்குத் திரும்பி மறுபடி காயப்படுகிறார்கள். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆகவே அது தசையைவிட மெதுவாகத் தேறும்.

இதற்குப் பழைய எக்ஸ்ரே படங்கள் தேவை. பெயர், தேதி உள்ள மூலையை வெட்டிவிட்டுக் கொடுங்கள். தேய்ந்த கருவிகளும் வேண்டும்: பிடி வழவழத்த மண்வெட்டி, முனை மழுங்கிய உளி, கரணை, சும்மாடு. துடைத்து மெருகேற்ற வேண்டாம். கை பட்டுத் தேய்ந்த இடத்தைத்தான் பார்க்கப்போகிறோம். கூர்முனைகளைத் துணியால் சுற்றி, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே அலுவலகத்தில் ஒப்படையுங்கள். பெயரெழுதிய அட்டை கட்டித் திருப்பித் தருவோம்.

வார்ப்புகளில் ஒரு மேசையில் உள்ளவற்றை மட்டும் தொட்டுப் பார்க்கலாம். காயப் படங்கள் சிறு பிள்ளைகளைக் கலங்கடிக்கக்கூடும் என்பதால் அவை திரைக்குப் பின்னால் இருக்கும். 5ஆம் வகுப்புக்குக் கீழுள்ளவர்கள் பெரியவர் துணையோடு வரட்டும்.

ஒப்புதல் சீட்டை வரும் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். தோல் ஒவ்வாமை, கையில் ஆறாத புண் இருந்தால் அதில் குறிப்பிடுங்கள். அப்பிள்ளைக்கு வார்ப்புக்குப் பதில் கரித்துண்டு ஓவியம் தரப்படும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்