வயிற்றுவலிக்கு ஏன் நெஞ்சு எக்ஸ்ரே?

ரேடியோகிராபி படிப்புக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். எக்ஸ்ரே, சி.டி. அறைகளில் உங்கள் மாணவர்களுக்கு வேலை பழக்குகிறவர்களில் ஒருவன் நான். உங்கள் பாடத்திட்டத்தில் நோய்களுக்கு ஒரு தாள், படம் எடுக்கும் முறைகளுக்கு ஒரு தாள், கதிர்வீச்சு இயற்பியலுக்கு ஒரு தாள். மூன்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்தான் எங்களிடம் வருகிறார்கள். மூன்றும் ஒரே நோயாளியைப் பற்றியவை என்பதை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை.

ஒரு சீட்டு வருகிறது என்று வையுங்கள். ‘கடும் வயிற்றுவலி. குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். நெஞ்சு எக்ஸ்ரே, நிமிர்ந்த நிலையில்.’ நோயாளி டிராலியில் முனகிக்கொண்டு கிடக்கிறார். நிற்கவைத்தால் விழுந்துவிடுவாரோ என்று மாணவருக்குப் பயம், இரக்கமும் உண்டு. படுத்த நிலையிலேயே எடுத்துவிடுகிறார். படம் அருமையாக வருகிறது. உடல் திரும்பவில்லை, மூச்சு நன்றாக இழுத்திருக்கிறது, இடம் வலம் குறியும் சரியான இடத்தில் இருக்கிறது. உங்கள் செய்முறைத் தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். மருத்துவர் கேட்ட கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை.

குடலிலிருந்து கசிந்த காற்று மேலே ஏறும். ஆளை நிமிர்த்தி உட்காரவைத்தால் அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்கு அடியில் போய்ச் சேரும். கதிரைத் தரைக்கு இணையாகச் செலுத்தினால் பிறைபோல ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். அதற்கு ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். அப்படிப் பொறுத்து, சரியாக எடுத்தால் 1 மில்லிலிட்டர் காற்றுகூடக் கண்ணுக்குப் படலாம். உட்காரவே முடியாதவரா? இடப்பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்தால் காற்று கல்லீரலுக்கும் விலாவுக்கும் இடையில் வந்து நிற்கும். நோய் புரிந்த மாணவருக்கு இந்த நிலைகளை மனப்பாடம் செய்யவேண்டிய அவசியமே இல்லை. அங்கேயே நின்று யோசித்து அவரே கண்டுபிடித்துவிடுவார்.

நுரையீரல் உறைக்குள் நீர் கோத்திருந்தாலும் இதே கதைதான். நிமிர்ந்த நிலையில் நேராக எடுத்த படத்தில் விலாவின் கீழ் மூலை மழுங்கித் தெரிய ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் நீர் வேண்டும். ஒருக்களித்த நிலையில் அதைவிட மிகக் குறைந்த நீரும் தெரியும். மல்லாக்கப் படுத்தால் நீர் முதுகுப்பக்கம் பரவி, வெறும் மங்கலாகத்தான் காட்டும்.

கதிரின் அளவுக்கு வருகிறேன். எம்ஃபிசீமா என்ற நுரையீரல் நோயில் காற்று அடைத்து ஊதிய நெஞ்சுக்கும் எலும்புப்புரை கண்ட இடுப்புக்கும் வழக்கமான அளவைவிடக் குறைவான கதிர் போதும். நீர் கோத்த நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் கூடுதலாக வேண்டும். மாணவர்கள் ஆளின் பருமனைத்தான் பார்க்கிறார்கள், நோயைப் பார்ப்பதில்லை. கேட்டால் ‘தானியங்கிக் கட்டுப்பாடு பார்த்துக்கொள்ளும்’ என்கிறார்கள். உடலைக் கடந்து வரும் கதிரை ஓர் உணர்கருவியால் அளந்து, போதுமானது வந்ததும் நிறுத்தும் ஏற்பாடு அது. அந்த உணர்கருவிக்கு மேலேயே நீர் நிற்கிறது என்றால் அது கதிரை நிறுத்தாமல் நீட்டிக்கொண்டே போகும். ஃபிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் அந்த வசதி போயிற்று. டோஸ் கூடினாலும் படம் அழகாகவே இருக்கும், விலை கொடுப்பவர் நோயாளி.

சி.டி. அறையில் தவறு இன்னும் வேகமாக நடக்கும். நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டியைத் தேடுவதற்கும் பெருந்தமனியில் கிழிசலைத் தேடுவதற்கும் இரத்தக்குழாய்களைப் படத்தில் எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தியபின் படம் பிடிக்கும் நேரம் சில நொடிகள் வேறுபடும். சீட்டில் ‘நெஞ்சுவலி’ என்று மட்டும் இருந்தால், எதைத் தேடுகிறீர்கள் என்று மருத்துவரிடம் திருப்பிக் கேட்கும் துணிச்சல் மாணவருக்கு வேண்டும். அது நோயைப் படித்தால்தான் வரும்.

சிகிச்சையும் இந்த அறைகளுக்குப் புதியதல்ல. 1964இல் அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் டாட்டர் ஒரு மூதாட்டியின் காலில் அடைபட்ட தமனியைக் குழாய் செலுத்தித் திறந்தது எக்ஸ்ரே படத்தின் துணையோடுதான். கதிரியக்க சிகிச்சைக்குத் திட்டமிட எடுக்கும் சி.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மேசை தட்டையாக இருக்கவேண்டும், கை எங்கே இருந்ததோ அங்கேயே சிகிச்சை நாட்களிலும் இருக்கவேண்டும். ஏனென்றால் அந்தப் படம் வெறும் நோய் காட்டும் படம் அல்ல, கதிரைக் குறிபார்க்கும் வரைபடம். இது தெரியாதவர் நோயாளிக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒரு மெத்தையைப் போட்டுவிடுவார்.

‘நோயைக் கண்டறிவது, படத்தைப் படித்து அறிக்கை எழுதும் மருத்துவரான ரேடியாலஜிஸ்டின் வேலை, ரேடியோகிராபருக்கு ஏன்?’ என்று குழுவில் ஒருவராவது கேட்பார். அறிக்கை எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் திரையில் படத்தை முதலில் பார்ப்பவர் ரேடியோகிராபர்தான். ஒரு படத்தில், காற்று நெஞ்சுக்குள் அழுத்தி நுரையீரலைச் சுருட்டி, இதயத்தை மறுபக்கம் தள்ளியிருக்கிறது. அறிக்கை வரும்வரை காத்திருக்கச் சொல்லி அந்த நோயாளியை வார்டுக்கு அனுப்பலாமா? 1980களிலேயே பிரிட்டனில் ரேடியோகிராபர்கள் அவசரப் பிரிவுப் படங்களில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டினார்கள். அதனால் ரேடியாலஜிஸ்ட் யாருக்கும் வேலை போய்விடவில்லை.

நான் கேட்பது இதுதான். நோய்த் தாளைத் தனியாக வைக்காதீர்கள். நிமோனியாவைப் பாடம் எடுக்கும் நாளிலேயே அதற்கு எந்த நிலை, எவ்வளவு கதிர், படத்தில் என்ன மாறும், மருத்துவர் அடுத்து என்ன செய்வார் என்பதும் வரட்டும். வாரத்தில் ஒரு பொழுதாவது மாணவர் அறிக்கை எழுதும் அறையில் உட்கார்ந்து, தாம் எடுத்த படத்தை ரேடியாலஜிஸ்ட் படிப்பதைக் கேட்கட்டும். ‘இதில் ஒன்றும் சொல்ல முடியவில்லை’ என்று ஒருமுறை காதில் விழுந்தால் போதும். பாடத்துக்குக் காட்டும் படங்களில் மோசமானவையும் இருக்கட்டும். நூல்களில் வரும் நோயாளிகள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார்கள். எங்களிடம் அப்படிப்பட்டவர்கள் அதிகம் வருவதில்லை.

இதற்கெல்லாம் காலம் பிடிக்கும் என்றால், செய்முறைத் தேர்வையாவது உடனே மாற்றுங்கள். ‘நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்காட்டு’ என்று கேட்பதை விட்டுவிட்டு, மருத்துவர் எழுதிய சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, ‘இவருக்கு என்ன செய்வாய், ஏன்?’ என்று கேளுங்கள். பெயர், அடையாளம் எல்லாம் நீக்கிச் சீட்டுகளை நாங்களே தயாரித்துத் தருகிறோம். அவற்றுக்கு எங்களிடம் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
எக்ஸ்ரே அறையில் பயிற்சி தரும் ஒரு ரேடியோகிராபர்