வயதைக் குறை சொல்லாதே

அன்புள்ள முரளிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் மகள் நீச்சல் கற்றுக்கொண்டாள் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். எனக்கு வேலை மாறியிருக்கிறது. மாலை நேரம் கொஞ்சம் மிஞ்சுகிறது, அதனால் வீடியோ கேம் கன்ட்ரோலரை மறுபடி கையில் எடுத்துவிட்டேன்.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆசையாக வாங்கிய ஓப்பன் வேர்ல்ட் கேமை, அதாவது பெரிய உலகத்தில் இஷ்டப்படி சுற்றித் திரியும் கேமை, பாதியில் விட்டுவிட்டாய். வயதாகிவிட்டது, இனி கேமெல்லாம் நமக்கு ஒத்துவராது என்கிறாய். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீ எழுதியதையே திரும்பப் படித்துப் பார். மேப் முழுக்கக் குறிகள். எங்கே போனாலும் அதே முகாம், அதே ஆட்கள், அதே பெட்டி. கஷ்டத்தைக் கூட்டி வைத்தாலும் எதிரிக்குப் புத்தி கூடவில்லை, இன்னும் நாலு அடி தாங்குகிறான், அவ்வளவுதான். இதில் சலிப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தோற்ற அடுத்த கணம் மனதில் என்ன ஓடுகிறது? ஒரு கேமை நான் எடைபோடுவது அதை வைத்துத்தான். ‘சே, அவசரப்பட்டுவிட்டேன், இன்னொரு தடவை’ என்று தோன்றினால் அது நல்ல கேம். ‘இது அநியாயம்’ என்று தோன்றினால் சந்தேகம். எதுவுமே தோன்றாவிட்டால் தாராளமாக மூடிவிடலாம்.

2018இல் வந்த ‘செலஸ்ட்’ ஆடியிருக்கிறாயா? ஒரு பெண் மலையேறுகிற கதை. திரைக்குத் திரை முட்கள், செத்துக்கொண்டே இருப்போம். ஆனால் செத்த வேகத்தில் அதே அறையில் திரும்ப நிற்போம், லோடிங் என்று காக்க வைப்பதே இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்கு வந்த பிறகும், நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக் குதிக்கும் பட்டனை அந்த கேம் ஏற்றுக்கொள்கிறது. ஆடும்போது இது நமக்குத் தெரியவே தெரியாது. சரியான நேரத்தில்தான் அழுத்தினேன் என்ற திருப்தி மட்டும் இருக்கும். இவ்வளவு கடுமையான கேமுக்குள் ஆடுகிறவர் மேல் இவ்வளவு கரிசனம்! வழியில் ஸ்ட்ராபெரிகள் இருக்கும். அவற்றால் ஒரு பலனும் இல்லை, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று கேமே சொல்லிவிடும். இருந்தும் விடாமல் எடுப்போம், ஏனென்றால் ஒவ்வொன்றையும் எட்டுவதே தனிப் புதிர். உன் மேப்பிலிருந்த குறிகளில் இல்லாதது இதுதான்.

கிராபிக்ஸ் பற்றியும் கேட்டிருந்தாய். கண்ணுக்கு அழகாக இருந்தால் நல்லதுதான், ஆனால் அது பின்னால் வருகிற விஷயம். மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்குகிற டெட்ரிஸ், 1984இல் முதலில் ஓடிய சோவியத் கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. கட்டங்களை அடைப்புக்குறிகளை வைத்துத்தான் காட்டினார்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது மொபைல் கேம்களில். ‘ஆறு மணி நேரம் காத்திரு, இல்லாவிட்டால் காசு கட்டு’ என்கிறார்கள். காசு கட்ட வைப்பதற்காகவே வேண்டுமென்று ஆட்டத்தை அலுக்க வைக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ்களை 2018இல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே அறிவித்தது. மற்ற நாடுகளும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. குழந்தைகள் ஆடுகிற இடம் அல்லவா?

சரி, உனக்கு ஒரு வேலை தருகிறேன். ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ என்று 2019இல் வந்த கேம். சின்னச் சின்னக் கிரகங்களுக்கு விண்கலத்தில் போய்வர வேண்டும். 22 நிமிடங்களில் எல்லாம் அழிந்து திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். ஆயுதம், லெவல் எதுவும் சேராது. நீ கண்டுபிடித்துத் தெரிந்துகொண்டது மட்டும்தான் உன்னிடம் மிஞ்சும். தயவுசெய்து அதைப் பற்றி எங்கேயும் படிக்காதே, வீடியோவும் பார்க்காதே. நேராக உட்கார்ந்து ஆடு. முதலில் எந்தக் கிரகத்துக்குப் போனாய், அங்கே எப்படிச் செத்தாய் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
சேகர்