சாட்ஸ்வொர்த் அக்காவுக்கு நன்றி

டர்பன் சாட்ஸ்வொர்த்தில், கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடும் அக்காவுக்கு இந்த நன்றி. பேர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை.

திக்குவாயைக் கேலி செய்கிறார்கள் என்று, "எனக்கு ஒண்ணும் வராது" என ஒடுங்கிப்போனவன் என் மகன். நீங்கள் அவனைத் துருவிக் கேட்கவில்லை, புகழவுமில்லை. மணல் தட்டையும் பொம்மைகளையும் வைத்துவிட்டு அவன் போக்கில் விட்டீர்கள். பிள்ளை வழிகாட்ட, பெரியவர் பின்னால் போவது. பிள்ளைகளை விளையாட்டு மூலமே தேற்றும் 'விளையாட்டுச் சிகிச்சை'க்கு, அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் வகுத்த எட்டு நெறிகளில் ஒன்றாம். விளையாட்டெல்லாம் ஒரு வைத்தியமா என்றுதான் நினைத்தேன். முதலையிடம் அடிவாங்கிக்கொண்டே இருந்த அவனுடைய குட்டிக் குரங்கு, ஒருநாள் அதைத் திருப்பி அதட்டியது!

திக்கல் இன்னும் இருக்கிறது. ஆனால் போன வாரம் வகுப்பில் அவனாகவே கை தூக்கினானாம். அம்மா முறுக்கு சுட்டு அனுப்புகிறார், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா.