ஒன்றும் விசேஷமில்லை, அக்கா

அக்கா,

தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு ஃபோன் செய்கிறாய். "என்னடா விசேஷம்?" என்று கேட்கிறாய். "ஒன்றுமில்லை, வழக்கம்போலத்தான்" என்கிறேன். "சரி, நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். நான் தனியாக வீடு எடுத்து வந்து பதினோரு மாதம் ஆகிறது. முந்நூறு தடவையாவது இந்தப் பதிலைச் சொல்லியிருப்பேன். அதில் பாதிக்கு மேல் பொய்.

ஃபோனில் உண்மையைச் சொன்னால் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பிப்பாய், இல்லையென்றால் ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிடுவாய். இரண்டுமே எனக்குத் தாங்காது. அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் பார்க்கும்படி எழுதினால், நீ திட்ட ஆரம்பிக்கும்போது ஒருவராவது எனக்காகப் பரிந்து பேசமாட்டாரா என்று ஒரு நப்பாசையும் உண்டு.

முதலில் குழாய்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருநாள், "என் நண்பன் வீட்டில் குழாய் சொட்டுகிறதாம், என்ன செய்வது?" என்று உன்னிடம் கேட்டேனே, நினைவிருக்கிறதா? அப்படி ஒரு நண்பன் கிடையாது. சொட்டியது என் வீட்டுச் சமையலறைக் குழாய். பகலில் அது காதில் விழாது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் தலைமாட்டிலேயே சொட்டுகிற மாதிரி இருக்கும். தூக்கம் வராமல் ஃபோனில் நேரம் பார்த்து எண்ணினேன். விநாடிக்கு ஒரு சொட்டு, தாளம் தப்பாமல். ஒரு வாளியைக் கீழே வைத்துவிட்டுப் படுத்தேன். ஏழு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்த 20 லிட்டர் வாளியில் கால்வாசி நிரம்பியிருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 17 லிட்டர், வருஷத்துக்கு 6,000 லிட்டருக்கு மேல். ஒரு சொட்டு என்று கேவலமாக நினைத்ததற்குக் குழாயிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அதற்கு முந்தைய வாரம் முழுக்க நான் செய்த வைத்தியம் ஒன்றுதான்: சொட்டச் சொட்ட இன்னும் இறுக்கமாக மூடுவது. நோயை வளர்த்ததே அந்த வைத்தியம் என்று பிறகுதான் தெரிந்தது. குழாய்க்குள்ளே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. நாம் கைப்பிடியைத் திருகும்போது அது கீழே போய்த் தண்ணீர் வரும் வாயை அடைத்துக்கொள்ளும். ரப்பர் தேய்ந்தால் அடைப்பு சரியாக விழாது, சொட்டும். சொட்டுகிறதே என்று பலம் காட்டி அழுத்தினால் ரப்பர் இன்னும் வேகமாகக் கிழியும். நான் ஒரு வாரம் பலம் காட்டியிருந்தேன்.

நீ அன்றைக்குத் தெளிவாகத்தான் சொன்னாய். "முதலில் மெயின் வால்வை மூடச் சொல்லு. அப்புறம் வாஷரை மாற்றச் சொல்லு." என் காதில் இரண்டாவது வாக்கியம் மட்டும் விழுந்திருக்கிறது.

ஸ்பானரால் குழாய்த் தலையைத் திருகினேன். கொஞ்சம் கசிந்தது. உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர்தான் என்று நினைத்து இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன். தலை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கூரைக்குப் போனது. மிகைப்படுத்தவில்லை, கூரையில் பட்ட கறை இன்னும் இருக்கிறது, வீட்டுக்காரர் வந்தால் அந்தப் பக்கம் பார்க்கவிடாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். ஒரு கையால் ஓட்டையை அடைத்துக்கொண்டு மறு கையால் தொட்டிக்குக் கீழே வால்வைத் தேடினேன். நீளமான கைப்பிடி வைத்த வால்வு என்றால் கால் சுற்றில் மூடிவிடலாம். என் யோகம், சக்கரம் வைத்த பழைய வால்வு. அதைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூடுவதற்கு வலப்பக்கம் திருக வேண்டும் என்று எனக்குத் தெரியும். தலைகீழாகக் குனிந்து, கண்ணுக்குள் தண்ணீர் ஓடும்போது எது வலப்பக்கம் என்பதுதான் தெரியவில்லை. முதல் நாலு சுற்று நன்றாகத் திறந்துவிட்டேன்.

கடைசியில் நின்றது. தரையில் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர், ஒரு செருப்பு வாசல்வரை மிதந்து போயிருந்தது. அப்போதுதான் நீ ஃபோன் செய்தாய்.

"என்னடா, மூச்சு வாங்குகிறது?"

"படியேறி வந்தேன்."

"என்ன விசேஷம்?"

"ஒன்றுமில்லை."

கதை அதோடு முடியவில்லை. நான் முரட்டுத்தனமாகத் திருகியதில் குழாய் சுவரோடு சேரும் இடமும் ஆடிப்போயிருந்தது. கடைக்காரர் புது வாஷரோடு ஒரு வெள்ளை டேப்பையும் கொடுத்து, மரையில் சுற்றிப் போடச் சொன்னார். சுற்றினேன். திருகினால் டேப் சுருண்டு வெளியே வந்தது. மறுபடியும் சுற்றினேன், மறுபடியும் வந்தது. குழாயை எந்தப் பக்கம் திருகி முடுக்குகிறோமோ அந்தப் பக்கமாகவே டேப்பையும் சுற்ற வேண்டுமாம். எதிர்ப்பக்கம் சுற்றினால் முடுக்க முடுக்கப் பிரிந்துகொண்டுதான் வரும். இது தெரிவதற்கு எனக்கு மூன்று தடவை பிடித்தது. சின்ன வயதில் என்னை "மரை கழன்றவன்" என்பாயே, மரை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன்.

இப்போது குழாய் சொட்டவில்லை. அதைத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற கதைகள் இந்த அளவுக்கு நல்லபடியாக முடியவில்லை.

ஆபீஸ் கதைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, 412 வாடிக்கையாளர்களின் கணக்கு எண்களை ஒரு ஷீட்டில் போட்டு அனுப்பச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் 16 இலக்கம். பழைய டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டினேன். வரிகளை எண்ணிப் பார்த்தேன், 412 சரியாக இருந்தது. கட்டங்களுக்கு நீல வண்ணம்கூட அடித்தேன். அனுப்பிவிட்டு அந்த வாரத்திலேயே முதல் ஆளாகக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை காலையில் ஒற்றை வரியில் ஒரு மெயில்: "எல்லா எண்ணும் பூஜ்யத்தில் முடிகிறதே, அப்படித்தானா?"

திறந்து பார்த்தேன். 412 எண்களும் பூஜ்யத்தில் முடிந்தன. வயிற்றுக்குள் லிஃப்ட் இறங்குகிற மாதிரி இருந்தது. நான் ஒரு எண்ணைக்கூடக் கையால் அடிக்கவில்லையே, எப்படி?

விஷயம் இதுதான். ஸ்ப்ரெட்ஷீட் ஓர் எண்ணில் 15 இலக்கம்வரைதான் நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் உள்ள இடங்களில் சத்தமில்லாமல் பூஜ்யம் போட்டுவிடும். ஓர் எச்சரிக்கைகூட வராது. முன்னால் பூஜ்யம் இருந்தால் அதையும் முழுங்கிவிடும், எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்பது அதன் நியாயம். அதன் கண்ணுக்கு எல்லாமே கூட்டவும் கழிக்கவும் வந்த எண்கள். கணக்கு எண்ணை யார் கூட்டப்போகிறார்கள்? அது எண் வேஷம் போட்ட பெயர். ஒட்டுவதற்கு முன்னாலேயே அந்தக் கட்டங்களை டெக்ஸ்ட் என்று மாற்றி வைத்திருக்க வேண்டும். ஒட்டிய பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பி வராது. பழைய ஃபைலை நான் அழிக்காமல் வைத்திருந்தது என் முன்னோர் செய்த புண்ணியம்.

மேலாளர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்1 என்ற மாதிரிச் சுருக்கப் பெயர்கள் இருந்தனவாம். ஷீட்டில் அடித்ததும் அவை மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதியாக மாறிவிடும். ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் 2020-இல், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. செப்ட்1 இப்போது செப்டின்1. மென்பொருளை மாற்றுவதைவிட மனித உடம்பில் இருப்பதற்குப் பெயரை மாற்றுவது சுலபம் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. "சரி, பதினொரு மணிக்குள் சரியான ஷீட் வேண்டும்" என்று அவர் எழுந்து போனதும் மூச்சு மறுபடி நின்றது.

அன்றைக்கு ராத்திரி உன்னிடம் "கொஞ்சம் வேலை அதிகம்" என்று மட்டும் சொன்னேன்.

வீடும் ஆபீஸும் தனித்தனியாக என்னைப் படுத்தியது போதாதென்று இரண்டும் கைகோத்துக்கொண்ட நாளும் ஒன்று உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு வியாழக்கிழமை, வீடியோ மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. கேமராவை அணைத்துவிட்டு, லேப்டாப்பைச் சமையல் மேடையில் வைத்துப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பால் பொங்குவது எப்படி என்று உனக்குத் தெரியும். தண்ணீர் என்றால் கொப்புளம் மேலே வந்ததும் உடைந்துவிடும். பாலில் புரதமும் கொழுப்பும் சேர்ந்து மேலே ஆடை கட்டிக்கொள்ள, கீழே உண்டாகும் ஆவிக்கு வெளியே போக வழி கிடைக்காது. அது ஆடையையே தூக்கிக்கொண்டு ஏறும். பார்த்துக்கொண்டே இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. திரையில் அடுத்த ஆறு மாத இலக்கு என்று ஒரு வரைபடம் வந்தது, இரண்டு விநாடி அதைப் பார்த்தேன்.

"ஐயோ போச்சு! எல்லாம் போச்சு!"

மியூட்டில் இல்லை.

இருபது பேர் இருந்த மீட்டிங்கில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. பிறகு யாரோ, "எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது" என்றார். இப்போதெல்லாம் யாராவது இலக்கு பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் என் பக்கம் பார்க்கிறார்கள்.

வெள்ளைச் சட்டை ஐந்தும் இளஞ்சிவப்பான கதையை விட்டுவிடுகிறேன். அது எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான்.

ஆனால் இன்னொன்றை விடமுடியாது, இதைச் சிரிக்காமல் படி. இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்கு இருமல் இருந்ததே, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேனே. ஏசி அல்ல. குளியலறையைப் பளபளப்பாக்கிவிடலாம் என்று தரையில் ப்ளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, கறை போகவில்லையே என்று அதன் மேலேயே டாய்லெட் கழுவும் ஆசிடையும் ஊற்றினேன். இரண்டும் சேர்ந்தால் இரண்டு மடங்கு சுத்தமாகும் என்பது என் கணக்கு. அரை நிமிஷத்தில் கண் எரிந்தது, தொண்டையை யாரோ உள்ளேயிருந்து பிறாண்டுகிற மாதிரி இருந்தது. கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே ஓடினேன். படியில் உட்கார்ந்து கால் மணி நேரம் இருமினேன். அந்த இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915-இல் முதல் உலகப் போரில் எதிரிகளைக் கொல்ல அகழிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். நான் கைப்பிடியளவுப் பவுடர்தான் போட்டிருந்தேன், கதவும் பக்கத்தில் இருந்தது, அதனால் இருமலோடு போனது. ஆசிட் பாட்டிலின் பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில் "மற்றவற்றோடு கலக்காதீர்கள்" என்று போட்டிருந்ததைப் பிறகு படித்தேன். இரண்டு டப்பாவையும் இப்போது வெவ்வேறு அலமாரியில் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் இந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டாதே.

இதையெல்லாம் ஏன் அன்றன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாய். கவலைப்படுவாய் என்பதற்காக என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் முழு உண்மை அதுவல்ல. ஃபோன் வரும் நேரத்தில் பெரும்பாலும் நான் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பேன், அல்லது துடைத்து முடித்திருப்பேன். துடைத்து முடித்த பிறகு அது ஒரு விசேஷமாகவே தோன்றாது. முடிவதற்கு முன்னால் சொல்ல வெட்கம்.

நேற்றுத்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. நீ முதல் வேலைக்குப் போய்த் தனியாக இருந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. நீயும் தினமும் ராத்திரி ஃபோன் செய்து "ஒன்றும் விசேஷமில்லை அம்மா" என்பாய். ஒருநாள் மட்டும், பேச்சோடு பேச்சாக, "இஸ்திரிப் பெட்டியில் பட்டுத்துணி மாதிரி ஒன்று உருகி ஒட்டிக்கொண்டால் எப்படி எடுப்பது? என் தோழி கேட்கிறாள்" என்றாய். அம்மா விளக்கமாகச் சொன்னார், யார் என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஃபோனை வைத்ததும் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.

என் நண்பன் வீட்டுக் குழாயைப் பற்றி நான் கேட்டபோது நீயும் யார் என்ன என்று கேட்கவில்லை.

நாளைக்கு ஒன்பதரைக்கு எப்படியும் கூப்பிடுவாய். முதல் கேள்வி என்னுடையது: அந்தத் தோழி எப்படி இருக்கிறாள், பெட்டி என்ன ஆயிற்று?

உன் தம்பி