படத்தில் இருக்கிறவளைத் தேடி வராதே

புதுக்குடியிருப்பு

அன்பின் வதனி,

சுகம்தானே. இங்கே எல்லோரும் சுகம். கலியாணப் படங்கள் கிடைத்தும் ஒரு வரி எழுதவில்லை என்று நீ முகத்தை நீட்டிக்கொண்டு இருப்பதாகக் கொட்டன் சொன்னான். மாப்பிள்ளை வடிவு. நீ அவரைவிட வடிவு. போதுமா?

எழுதாததற்குக் காரணம், நீ வரவேற்பறையில் மாட்டி வைத்திருக்கிற என் படம்தான். பச்சைச் சாறி கட்டி, இடுப்பென்று ஒன்று தெரிய நிற்கிறேனே, அது. அந்த ஆள் இப்போது இல்லையடி. குறைந்த 11 கிலோவும் திரும்பி வந்துவிட்டது, மேலே வட்டியும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி என்னைத் தாண்டிப் போய்விடாதே என்று முதலே சொல்லி வைக்கிறேன்.

“மனக்கட்டுப்பாடு வேணும்” என்று சங்கீத டீச்சர் குரலில் தொடங்காதே. 2022 இல் பெற்றோலும் இல்லை, காஸும் இல்லை. பரந்தன் றோட்டில் எதிர்காற்றுக்குள் சைக்கிள் மிதித்துத்தான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். பாண் விலையைக் கேட்டே பசி அடங்கிய காலம். உடம்பு இறங்கியது. ஆனால் பெற்றோல் வந்து ஸ்கூட்டியில் ஏறிய பிறகும் நான் சீனியில்லாத் தேத்தண்ணியை விடவில்லை, சோற்றை அளந்துதான் போட்டேன். அப்படியும் ஏறியது. அதுதான் வயிற்றெரிச்சல்.

மெலிந்தபோது சட்டைகளை ஒடுக்கித் தரச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் தையல் அக்கா மிச்சத் துணியை வெட்டவே இல்லை. மூன்று விரல் அகலத்துக்கு உள்ளே மடித்து, இழுத்தால் வருகிற மாதிரி நீளத் தையல் போட்டு விட்டிருந்தா. ஏன் வெட்டவில்லை என்று கேட்டதற்கு, “கிடக்கட்டும் டீச்சர்” என்றா. அண்மையில் பிளேட்டால் அந்த நூலை ஒவ்வொன்றாக உருவினபோது அக்காவின் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அதற்காகவே காசு கூடக் கொடுத்தேன்.

மூத்தவன் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்கிறான் அல்லவா, லீவில் வந்தவனிடம் அழுதேன். இருத்தி வைத்து விளக்கினான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிறை குறைக்கும் போட்டி ஒன்றில் நின்ற 14 பேரை, கெவின் ஹால் என்பவரின் குழு ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து 2016 இல் வெளியிட்டதாம். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பிவிட்டது. அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதல்தான், ஒளிக்கவில்லை. ஆனால் அடுத்தது கேள். சும்மா இருக்கும்போது அவர்களின் உடம்பு எரிக்கிற சக்தி, அந்தப் பருமனுக்கு எரிக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரியளவு குறைவு. கிட்டத்தட்ட அரை றாத்தல் பாண்! நிறை திரும்பின பிறகும் அந்தக் குறை தீரவில்லை. என்னுடைய 11 கிலோவுக்கு அவ்வளவு இருக்காது என்கிறான், ஆனால் போக்கு அதுதானாம்.

அதோடு பசி. கொழுப்பு குறைந்தால் லெப்டின் என்ற ஹோர்மோனும் குறையும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்ளும். மெல்பேணில் பத்துக் கிழமை கடுமையாகச் சாப்பாட்டைக் குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்களாம். பசி ஹோர்மோன்கள் அப்போதும் பழைய நிலைக்கு வரவில்லை, பசியும் கூடவே இருந்தது. 2011 இல் வந்த ஆய்வு. பக்கத்து வீட்டு மச்சாள் புட்டை மறுக்கிற சுகமும் நான் மறுக்கிற கஷ்டமும் ஒன்றில்லை, வதனி. இனி அவ எனக்குப் புத்தி சொல்ல வரட்டும்.

இதையெல்லாம் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? நான் மெலிந்திருந்த நேரம் சந்தையில் ஆளாளுக்கு, “என்ன டீச்சர், சீனி வருத்தமோ?” என்றார்கள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. என் கழுத்தெலும்பைப் பார்ப்பா, எழும்பிப் போய் இன்னொரு அகப்பை சோறு கொண்டுவருவா. 2009 இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சியை எங்களுக்கு ஊற்றிவிட்டு, தான் குடித்தாயிற்று என்று சொன்ன மனுசி. கோப்பை காய்ந்து கிடந்ததை நான் பார்த்தேன். அந்தக் கையால் வருகிற சோற்றை வேண்டாம் என்று எந்த டொக்டர் சொன்னாலும் எனக்கு வாய் வராது. பாதியைச் சாப்பிட்டு மீதியைக் கோழிக்குப் போடுகிறேன். கோழியும் பெருத்துவிட்டது.

கிளினிக்கில் நிறையைவிடப் பிரசரையும் சீனியையும்தான் பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டும் இப்போதைக்குப் பரவாயில்லை. சைக்கிளை மறுபடி இறக்கியிருக்கிறேன், மெலிய இல்லை, முழங்காலுக்காக.

சரி, உன்னுடைய கதைக்கு வருகிறேன். கலியாணம் முடிந்தால் நிறை குறைக்கப் போடுகிற அந்த ஊசியை நிற்பாட்டப் போவதாகச் சொன்னாய். செமகுளுட்டைட்தானே? நிற்பாட்டினவர்களுக்கு ஒரு வருடத்துக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஆய்வு இருக்கிறதாம். உன் டொக்டரோடு கதைக்காமல் ஒன்றும் செய்யாதே. இதில் பகிடி இல்லை.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் வருகிறாயா, பிறகா? திகதியைக் கெதியில் எழுது. கூழுக்கு நந்திக்கடல் இறால் சொல்லி வைக்க வேண்டும் என்று அம்மா இப்போதே கரைச்சல் தருகிறா.

அன்புடன்,
ரஞ்சி